மூளைத் தமனி அடைப்பும் காலக் கணக்கும்

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே. எனினும் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே செல்கிறது. சேமிப்போ இல்லை. ஆகவே, இதயத்திலிருந்தோ கழுத்துத் தமனியிலிருந்தோ பெயர்ந்த இரத்தக்கட்டி மூளைத் தமனியை அடைக்குமாயின், அத்தமனியால் ஊட்டம் பெறும் பகுதியின் நடுப்பாகம் சில நிமிடங்களிலேயே அழியத் தொடங்குகிறது. சுற்றியுள்ள பாகம், கிளைத் தமனிகள் வழியே வரும் சொற்ப இரத்தத்தால், செயலிழந்தும் உயிரிழக்காமல் சில மணி நேரம் தாங்குகிறது. சிகிச்சை காக்க முயல்வது இதனையே.

கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தின் பயனை 1995இல் அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. அன்று 3 மணி நேரமாயிருந்த வரம்பு, 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வுக்குப்பின் நாலரை மணி நேரமாக நீண்டது. ஆனால் இரத்தக் கசிவால் வரும் பக்கவாதத்தில் இதே மருந்து உயிருக்கே உலை வைக்கும். வாய் கோணல், கைத் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை இரண்டிலும் உண்டு, சி.டி. ஸ்கேன் இன்றிப் பிரித்தறிய இயலாது. ஸ்கேன் இல்லாத மருத்துவமனை எவ்வளவு அருகிலிருந்தும் இந்நோயாளிக்குத் தொலைவே.

காலக் கணக்கு, நோயைக் கண்ட நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. நோயாளி நலமாயிருந்ததைக் கடைசியாகக் கண்ட நேரத்திலிருந்தே தொடங்குகிறது. இரவு 10 மணிக்கு உறங்கச் சென்றவர் காலை 6 மணிக்கு வாய் கோணி விழித்தால், 8 மணி நேரம் கழிந்ததாகவே முதலில் கொள்ளப்படும்.