சித்தம்பூண்டியில் நிலவின் மண்

கொங்கு நாட்டின் கிழக்கே, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய சிற்றூர்களில் வெண்சாம்பல் நிறப் பாறைகள் காணப்படுகின்றன. அனார்த்தோசைட் எனப்படும் இவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையுடையவை. நிலவின் மேட்டுநிலங்களும் பெரும்பாலும் இவ்வகைப் பாறையால் ஆனவையே.

விண்கலத்தை நிலவுக்கு அனுப்புவது ஏவூர்தியின் பணி. அங்கே இறங்கும் கலத்தின் கால் புதையுமா, ஊர்தியின் சக்கரம் சறுக்குமா என்பதைப் புவியிலேயே சோதித்தறிய வேண்டும். நிலவின் மண், காற்றும் நீரும் தேய்த்து மழுக்கியதன்று. விண்கற்கள் மோதி நொறுக்கியது. ஆதலின் அதன் துகள்கள் கூர்மையானவை. ஆற்றுமணல் அதற்கு ஈடாகாது. அயல்நாட்டு மாற்று மண்ணோ பெருஞ்செலவு வைப்பது. எனவே இஸ்ரோ, சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளரின் துணையுடன் சித்தம்பூண்டிப் பாறையைத் தேர்ந்தது. அதனை நொறுக்கிப் பெற்ற மண் பெங்களூருச் சோதனைக்கூடத்தில் பரப்பப்பட்டது. நிலவின் ஈர்ப்பு புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்கே. அந்நிலையை உருவாக்க, ஊர்தியின் மாதிரியில் ஹீலியம் பலூனைக் கட்டி எடையைக் குறைத்தனர்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம், இறங்கும் வழியிலேயே கட்டுப்பாடிழந்து வீழ்ந்தது. மண்ணைப் பற்றிய அத்தனை சோதனையும் பயன்காண நான்காண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்முனையை அடுத்த பகுதியில் மெல்ல இறங்கியது. பிரக்யான் ஊர்தி 100 மீட்டர் அளவு நகர்ந்து, வழியெங்கும் மண்ணை ஆராய்ந்தது. அம்மண்ணில் மேலோங்கியிருந்ததும் அனார்த்தோசைட்டே.