பிளீச்சிங் பவுடருக்கு முன் சோப்புத் தண்ணீர்

2020 கொரோனாக் காலத்தில் எங்கள் மண்டியில் தராசு, கல்லா மேஜை எல்லாவற்றிலும் அழுக்கின் மேலேயே பிளீச்சிங் கரைசலைத் தெளித்தோம். காசு போயிற்று, காரியம் அரைகுறை.

போலியோ போன்ற வைரஸ்கள், அமிலத்தன்மையுள்ள நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். உருண்டையின் நடுவில் அகப்பட்ட எள்ளைப் போல, உள்ளே இருப்பவற்றைக் குளோரின் எளிதில் எட்டாது. சளி, அழுக்கு மூடினாலும் அதே கதைதான். குளோரினில் ஒரு பகுதியை அழுக்கே தின்றுவிடும்.

கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை தாங்கியதையும், அட்டையில் 24 மணிக்குள், செம்பில் 4 மணிக்குள் செயலிழந்ததையும் 2020 அமெரிக்க ஆய்வில் கண்டார்கள். அது 21 முதல் 23 டிகிரி அறைக் கணக்கு. வெயிலில் இன்னும் சீக்கிரம் அழியும்.

ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடையுங்கள். பிறகு பிளீச்சிங் கரைசல், பத்து நிமிஷம். இரும்புத் தட்டைக் கழுவிவிடுங்கள், துருப்பிடிக்கும். வாய் திறந்து கிடந்த மூட்டைப் பவுடரை வாங்காதீர்கள். ஈரம் பட்டால் வீரியம் போய்விடும்.