கனெக்டிங் ஃப்ளைட்: பெற்றோரை அனுப்பும் முன்...

பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மாவும் அப்பாவும் அமெரிக்கா கிளம்புகிறார்கள். சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, ஃபிராங்ஃபர்ட் என்று எங்காவது மாறித்தான் ஆகவேண்டும். அடுத்த விமானம் கிடைக்குமா என்பது பெரும்பாலும் டிக்கெட் போடும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

1. முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதென்று தனித்தனி டிக்கெட் எடுத்தால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் அவர்கள் வராத பயணிகள்; பணம் போனது போனதுதான். பெட்டியையும் வெளியே போய் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்பட்டு, அது கையில் இல்லாவிட்டால் வெளியே போகவே முடியாது. சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப்போய் வயதானவர்களை இப்படித் தவிக்கவிடாதீர்கள்.

2. இணையதளம் விற்கிறது என்பதற்காக இடைவெளி போதும் என்று நினைக்க வேண்டாம். விமான நிலையம் வகுத்த குறைந்தபட்ச நேரம் இருந்தாலே டிக்கெட் விற்பனைக்கு வந்துவிடும். ஃபிராங்ஃபர்ட்டில் அது 45 நிமிடம்தான். முட்டிவலியோடு நடப்பவருக்கு அது எப்படிப் போதும்? மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

3. அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு விமானம் மாற வேண்டுமென்றால் நான்கு மணி நேரம் நல்லது. முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை. பிறகு, கடைசி ஊர் வரை டேக் போட்டிருந்தாலும், பெட்டியைப் பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்கும் நிற்க வேண்டும். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். பெரியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

4. திரும்பும்போது டெல்லி, மும்பை வழியென்றால் அங்கேயும் பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்ட வேண்டும். டெர்மினல் எண்ணையும் பாருங்கள். மும்பையில் இரண்டாம் டெர்மினலிலிருந்து முதலாவதற்குச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். டெல்லியில் மூன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதும் அப்படியே.

5. செக்-இன் கவுன்ட்டரில் பெட்டியின் கைப்பிடியில் டேக் ஒட்டும்போது, அதில் பெரிதாக அச்சாகும் மூன்று எழுத்தைப் படியுங்கள். சான்ஃபிரான்சிஸ்கோ போகிறவருக்கு 'எஸ்.எஃப்.ஓ.' என்று இருக்க வேண்டும். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

6. சக்கர நாற்காலியை முன்கூட்டியே, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன், பதிவுசெய்யுங்கள். மொழி தெரியாதவர்களை அடுத்த கேட் வரை கொண்டுசேர்க்க இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் நாற்காலிக்குக் காத்திருப்பவர்களைப் பெரும்பாலும் எல்லோரும் இறங்கியபிறகே இறக்குவார்கள். இடைவெளி குறைவாக இருந்தால் அதுவே இடைஞ்சலாகிவிடும்.

7. டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் மூடுபனி. நவம்பர், டிசம்பரில் சென்னையில் மழை. போகியன்று காலையில் புகைமூட்டம். இந்த நாட்களில் இடைவெளியைக் கூட்டுங்கள். மாறும் ஊரிலிருந்து அன்றைக்கு அதுவே கடைசி விமானமா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒன்று இருந்தால் இரவை அங்கே கழிக்க வேண்டி வராது.

8. போர்டிங் பாஸில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அப்பாவின் கைக்கடிகாரத்தில் மணி எட்டு என்றால் அங்கே பத்தரை. இறங்கியதும் கடிகாரத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

9. முதல் விமானத்தில் ஏறாமல் நடுவழியில் சேர்ந்துகொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பயணம் முழுவதும் பொதுவாக ரத்தாகிவிடும்.

10. இரண்டு நாளுக்கான மாத்திரை, மருத்துவர் சீட்டு, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி கைப்பையில்.

11. எல்லாம் செய்தும் விமானம் போய்விட்டதா? 'டிரான்ஸ்ஃபர்' பலகை உள்ள கவுன்ட்டரில் பெற்றோர் நிற்கட்டும். அதே நேரத்தில் நீங்கள் விமான நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். யாருக்கு முதலில் இடம் கிடைத்தாலும் சரி. மாற்று விமானத்தோடு சாப்பாடும், இரவு தங்க வேண்டுமென்றால் அறையும் கேளுங்கள். கேட்காமல் பல இடங்களில் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து ஒரே முன்பதிவில் கிளம்பியவர்கள், நிறுவனத்தின் காரணத்தால் கடைசி ஊருக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். காப்பீடு எடுத்திருந்தால், தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.