ஒரே கம்ப்யூட்டர், பல மாணவர்கள்

வேர்ட் தொகுப்பில் கடிதம் ஒன்றை டைப் செய்து கொண்டிருக்கும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மானேஜர் திறக்கும். அதில் பெர்பாமன்ஸ் பிரிவில் சிபியு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும். நீங்கள் அடுத்த எழுத்தைத் தேடும் நேரமெல்லாம் பிராசசர் சும்மா காத்திருக்கிறது. இந்தச் சும்மா இருக்கும் திறனைப் பலருக்கும் பங்கிட்டுத் தருவதே டெஸ்க்டாப் விர்ச்சுவலைசேஷன்.

மூன்று மாணவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் மவுஸைப் பிடித்தவர் மட்டும் கற்றுக் கொள்வார். மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். இந்த முறையில் ஒவ்வொருவருக்கும் மானிட்டர், கீ போர்டு, மவுஸ் உண்டு. கேபினட்டுக்குப் பதில் கையடக்கமான சிறிய பெட்டி இருக்கும். கீ அழுத்தங்களைக் கொண்டு போய், திரைக் காட்சியைக் கொண்டு வருவதுதான் அதன் வேலை. புரோகிராம்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் ஓடும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், தனி டெஸ்க்டாப், தனி போல்டர்.

ஐரோப்பாவில் உள்ள மாசிடோனியா (2019 முதல் வட மாசிடோனியா) 2007ல் தன் பள்ளிகளுக்கு இம்முறையைத் தேர்ந்தெடுத்தது. 20,000 கம்ப்யூட்டர்களுடன் என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் 1,60,000 சிறு பெட்டிகளை இணைப்பது திட்டம். ஆபரேட்டிங் சிஸ்டம், இலவசமாகக் கிடைக்கும் எடுபுண்டு லினக்ஸ்.

இங்கு லினக்ஸைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் எண்ணிக்கை குறைந்தால் விண்டோஸ் லைசென்ஸ் செலவும் அதே அளவு குறையும் எனப் பலர் எண்ணுகின்றனர். குறையாது. சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் பலர் வேலை செய்ய அனுமதி இல்லை. சர்வர் பதிப்பு வாங்கி, ஒவ்வொரு பயனாளருக்கோ சாதனத்திற்கோ தனி லைசென்ஸும் வாங்க வேண்டும். கொட்டேஷனில் இந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டைப்பிங், கணக்குப் பாடம், இணையத் தேடல் ஆகியவற்றிற்கு இது போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் திணறும். அந்த ஒரு கம்ப்யூட்டர் படுத்தால் வகுப்பே நின்றுவிடும். எனவே மிச்சமாகும் பணத்தில் கூடுதல் ராம், யுபிஎஸ், இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மூன்றையும் கட்டாயம் வாங்குங்கள். அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

பள்ளியில் பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தால் எல்டிஎஸ்பி என்னும் இலவச லினக்ஸ் திட்டத்தை முயன்று பார்க்கலாம். இது 1999ல் தொடங்கியது. 2019ல் புதிதாக எழுதப்பட்ட பதிப்பில், மாணவரின் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியே சர்வரிலிருந்து பூட் ஆகும். புரோகிராம்கள் அதன் சொந்த பிராசசரிலேயே ஓடும். ஹார்ட் டிஸ்க் பழுதாகி மூலையில் கிடப்பவையும், போதிய ராம் இருந்தால், மீண்டும் வகுப்புக்கு வரும்.