கண்டதைக் கண்டபடி

அன்புள்ள யாழினிக்கு,

வானியலில் பட்டம் பெறாத ஒருத்தி வானியல் ஆய்வில் பங்கெடுப்பது மெய்யான பணியா, வெறும் பொழுதுபோக்கா என்று கேட்டிருந்தாய். மெய்யான பணிதான். ஆனால் அதை மெய்யாக்குவது எது என்று தெரிந்துகொண்டு இறங்கு. பட்டமும் கூர்மையான கண்ணும் அதற்குப் போதா. கண்டதைக் கண்டபடி, கண்ட நேரத்தோடு, பிறர் சரிபார்க்கும்படி எழுதி வைக்கும் ஒழுக்கமே ஒரு பார்வையை ஆய்வாக்குகிறது.

அன்னம் விண்மீன் கூட்டத்தில் எஸ்எஸ் சிக்னி என்றோர் இரட்டை விண்மீன் இருக்கிறது. அதிலுள்ள வெண் குறுமீன் தன் துணையிடமிருந்து இழுக்கும் வாயு, வட்டாகத் திரள்கிறது. ஏறத்தாழ ஏழு வாரத்துக்கு ஒருமுறை வட்டு நிலைகுலைந்து, விண்மீன் பல மடங்கு ஒளிர்கிறது. ஹபிள் தொலைநோக்கியை வைத்து அதன் தொலைவை ஏறத்தாழ 520 ஒளியாண்டு என்று கணித்தார்கள். அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு இவ்வளவு ஒளி தரும் வட்டு நிலையாக இருக்க வேண்டும், திடீரென ஒளிரவே கூடாது என்றது கோட்பாடு. ஒன்று கோட்பாடு தவறு, அல்லது தொலைவு தவறு. ரேடியோ தொலைநோக்கியால் மீண்டும் அளக்கலாம் என்றால், ஒளிரும் நாட்களில்தான் அந்த விண்மீனின் ரேடியோ அலை அளக்கும் அளவுக்கு எழும். அந்த நாள் எது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தின் ஆர்வலர்கள் இரவுதோறும் அதைப் பார்த்து, ஒளி ஏறத் தொடங்கியதும் தகவல் அனுப்பினார்கள். ரேடியோ தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2013-இல் வெளிவந்த விடை 372 ஒளியாண்டு. கோட்பாடு நிலைத்தது. ‘மாற்றமில்லை’ என்று எழுதப்பட்ட எத்தனையோ இரவுகளின் குறிப்பு இல்லையென்றால், மாறிய இரவு எது என்று தெரிந்திருக்காது.

பயிற்சியில்லாதவர்கள் பிழை செய்வார்களே என்பாய். செய்வார்கள், நிபுணர்களும் செய்வார்கள். பிழையை அளக்க வழி இருக்கிறதா என்பதே கேள்வி. 2007-இல் தொடங்கிய ‘கேலக்ஸி ஜூ’ திட்டத்தில் முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து விண்மீன் மண்டலங்களின் படங்களை 5 கோடிக்கும் மேற்பட்ட முறை வகைப்படுத்தினார்கள். ஒரே படத்தைப் பலர் பார்த்தார்கள். சுருள் மண்டலங்களில் இடஞ்சுழிகளே மிகுதி என்று முடிவு வந்தபோது ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. படங்களை இடவலமாகப் புரட்டிக் காட்டினார்கள். அப்போதும் இடஞ்சுழிகளே மிகுதி என்று பதில் வந்தது. சாய்வு வானத்தில் இல்லை, மனிதப் பார்வையில் இருக்கிறது என்று புலப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நேர்மையாகத் தந்த பதில்கள் இருந்ததால்தான் அந்தச் சாய்வை அளந்து கழிக்க முடிந்தது.

இனி இதையெல்லாம் கணினியே செய்துவிடாதா என்பது அடுத்த ஐயம். பெரும்பகுதியைச் செய்யும். அந்தக் கணினி நிரல்களுக்குப் பாடமாக அமைந்தவற்றில் மக்கள் தந்த பதில்களும் உண்டு. மேலும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது ஒன்று, கேட்காததைக் கவனிப்பது வேறு. நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி ஃபான் ஆர்கெல் 2007-இல் ‘கேலக்ஸி ஜூ’ படமொன்றில் ஒரு சுருள் மண்டலத்தின் அருகே விளங்காத ஒளித்திட்டைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். அருகிலுள்ள மண்டலத்தின் மையத்தில் எழுந்த பேரொளி தேய்ந்த பின்னும், முன்பு கிளம்பிய ஒளியால் மிளிரும் வாயுத்திரள் அது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் இடம்பெற்றது. இது கூலியில்லா உழைப்புச் சுரண்டல் ஆகாதா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது: தரவை எல்லோருக்கும் திறந்து வைக்கும், பங்களித்தவரை மதித்துச் சொல்லும் திட்டங்களில் மட்டும் சேர். அந்த இரண்டும் இல்லாத இடத்தில் உன் நேரத்தைக் கொடுக்காதே.

வங்கத்தின் ஜெசோர் கருவூலத்தில் ஊழியராக இருந்த ராதாகோபிந்த சந்திரா 37,000-க்கும் மேற்பட்ட மாறொளி நோக்கல்களை முன்பு சொன்ன அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பினார். அத்தனையும் பொறுமையின் கணக்கு. நீ திருவாதிரையில் தொடங்கு. 2019 இறுதியில் மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே தெரியும்படி ஒளி குன்றிய விண்மீன் அது, கருவி வேண்டாம். பக்கத்தில் ரோகிணி இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு ஒளியளவை மதிப்பிடு. பிறர் அன்றிரவு என்ன எண் போட்டார்கள் என்று பார்த்துவிட்டு எழுதாதே. ஐயமிருந்தால் ஐயம் என்றே குறி. நேற்றைய எண்ணோடு இன்றையது ஒத்துப்போகவில்லை என்பதற்காக நேற்றையதைத் திருத்தாதே. பல வாரங்கள் எதுவும் நடக்காமல் போகலாம். அந்த வாரங்களையும் எழுதி வை. மாற்றம் வரும்போது அதை அளக்க அவைதான் அளவுகோல்.

அன்புடன்,
உன் மாமா