தோள் மோதட்டும், தலை தப்பட்டும்

தலையில் அடிபட்டு விழுந்த பையனின் முகத்தில் தண்ணீர் தெளித்து, முதுகில் ஒரு தட்டு தட்டி, மறுபடியும் ஆட்டத்துக்குள் அனுப்புவதை நம் கிரவுண்டுகளில் வீரம் என்று வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. சென்னீர்குப்பத்திலும், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கங்களிலும் டீம் நடத்துகிற அண்ணன்மார்களையும், பிள்ளைகளை விளையாட அனுப்பும் பெற்றோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

உடல் மோதாமல் கால்பந்து கிடையாது. இடிக்கிறவனைத் தாங்கி நின்று பந்தைக் காப்பாற்றும் பையனைப் பார்த்தால் எனக்கும் கைதட்டத் தோன்றும். அந்த உறுதியைக் குறைக்க நான் சொல்லவில்லை. காலும் இடுப்பும் தோளும் கழுத்தும் பயிற்சியில் உரமேறும். மூளை அடி வாங்கி உரமேறாது. மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மென்மையான உறுப்பு அது. தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ உள்ளே அது குலுங்கும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம்.

முதலில் கிரவுண்டைப் பாருங்கள்

ஆட்டம் தொடங்கும் முன் ஒருவர் மைதானத்தை ஒரு சுற்று நடந்து வரட்டும். கோல் எல்லைக்குச் செங்கல்லோ கருங்கல்லோ வைத்திருந்தால் எடுத்துவிட்டு, செருப்போ பையோ வையுங்கள். நகர்த்தக்கூடிய இரும்பு கோல்போஸ்ட் என்றால் பின்பக்கம் மணல் மூட்டை போட்டு அழுத்துங்கள். சாய்ந்து விழுந்த கோல்போஸ்டுகள் பல நாடுகளில் குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃபில் வலையைத் தாங்கும் கம்பங்கள் கோட்டுக்கு மிக அருகில் இருந்தால், அவற்றுக்கு ஃபோம் சுற்றித் தரும்படி உரிமையாளரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை, காசு கொடுத்துத்தான் ஆடுகிறோம்.

5ஆம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கு 4ஆம் எண், அதைவிடச் சிறியவர்களுக்கு 3ஆம் எண் பந்து போதும். கல் மாதிரி காற்றடிக்க வேண்டாம்.

உடம்பை உரமேற்றுங்கள்

ஃபிஃபாவின் '11 பிளஸ்' வார்ம்-அப் முறையை இலவசமாகவே பார்த்துக் கற்கலாம். சுமார் 20 நிமிடம் பிடிக்கும். வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதில் இருவர் ஓடிவந்து, குதித்து, தோளோடு தோள் மோதி, இரண்டு காலிலும் மெதுவாக இறங்கும் பயிற்சி ஒன்று உண்டு. அதைத் தவறவிடாதீர்கள். மோதலையும் மோதியபின் நிலையாக நிற்பதையும் அது ஒன்றாகவே கற்றுக்கொடுக்கிறது.

கழுத்தை நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. கழுத்து பலம் கூடக்கூட, மூளை குலுங்கி வரும் மூளை அதிர்ச்சிக்கு (கன்கஷன்) ஆளாகும் வாய்ப்பு குறைவதை அது கண்டது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையை நகரவிடாமல் இரண்டையும் எதிரெதிராக அழுத்தி ஆறேழு நொடி பிடிக்க வேண்டும். அதேபோலப் பின்தலை, இடம், வலம். மெதுவாகத் தொடங்கி, வாரம் மூன்று நாள். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

மோதக் கற்றுக்கொடுங்கள்

பந்து எட்டும் தூரத்தில் இருக்கும்போது, கையை உடம்போடு வைத்துக்கொண்டு, தோளால் தோளில் இடிக்கலாம். விதி இதை அனுமதிக்கிறது. முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நெருங்கச் சொல்லுங்கள். இடுப்பு தாழ்ந்தால் பலம் வரும், கண் நிமிர்ந்திருந்தால் தலை தப்பும். தரையைப் பார்த்துக்கொண்டு தலையை முன்னால் நீட்டிப் பாய்கிறவனை உடனே நிறுத்தித் திருத்துங்கள். இடுப்பு உயரப் பந்தைக் குனிந்து தலையால் அடிக்கப் போவதும் தப்பு. தனக்கே காயம் வரவழைக்கும் ஆட்டத்தையும் ஆபத்தான ஆட்டம் என்றே 12ஆம் விதி சொல்கிறது.

பொங்கலுக்குக் கபடி ஆடப்போகும் பையன்களுக்கும் இதே பாடம்தான். கணுக்கால் பிடிக்குப் பாயும்போது தலை ரெய்டரின் முழங்காலுக்கு நேராகப் போகக் கூடாது, காலின் வெளிப்பக்கமாகப் போக வேண்டும். ரக்பியிலும் டேக்கிள் கற்றுக்கொடுக்கும்போது தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

கோல் போட்ட சந்தோஷத்தில் குட்டிக்கரணம் அடிப்பதைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். 2014 அக்டோபரில் மிசோரம் பிரீமியர் லீக் ஆட்டமொன்றில் பீட்டர் பியாக்சாங்சுவாலா கோல் போட்டுவிட்டு அடித்த கரணம் பிசகி, தண்டுவடத்தில் அடிபட்டது. சில நாளில் இறந்துபோனார்.

ஹெட்டர்: யாருக்கு, எவ்வளவு, எப்படி

இங்கிலாந்தின் முன்னாள் வீரர் ஜெஃப் ஆஸில் 2002இல் 59 வயதில் மறதி நோயோடு இறந்தார். ஆயுள் முழுக்கப் பந்தைத் தலையால் அடித்ததே அதற்குக் காரணமென்று அவருடைய மரண விசாரணை முடிவு செய்தது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல், 10 வயது வரையுள்ள பிள்ளைகள் ஹெட்டர் அடிப்பதையே தடை செய்தது. 2020இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டன. 2021இலிருந்து இங்கிலாந்தில் தொழில்முறை வீரர்களுக்கே வாரத்துக்குப் பத்து பலமான ஹெட்டருக்கு மேல் பயிற்சியில் வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. நம் ஊர் கோச் ஒரே மாலையில் முப்பது, நாற்பது அடிக்க வைத்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று யோசியுங்கள்.

எனவே 12 வயது வரை நிஜப் பந்தில் ஹெட்டர் வேண்டாம். பலூனிலோ லேசான பிளாஸ்டிக் பந்திலோ முறையைப் பழகட்டும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், தாடை சற்று உள்வாங்கியிருக்க வேண்டும், பந்து நெற்றியின் மேற்பகுதியில் பட வேண்டும். கழுத்தை இறுக்கி, இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் சேர்ந்து அடிக்க வேண்டும். பந்து வந்து தலையில் மோதக் கூடாது, தலைதான் பந்தைத் தேடிப் போக வேண்டும்.

ஆனால் மூளை அதிர்ச்சியில் பெரும்பகுதி பந்தால் வருவதில்லை. ஒரே பந்துக்கு இருவர் குதித்து, தலையும் தலையும், அல்லது தலையும் முழங்கையும் மோதும்போதுதான் வருகிறது. அதனால் குரல் கொடுக்கப் பழக்குங்கள். "நான்!", "கோலி!", "விடு!" என்று உரக்கக் கத்தும் டீமில் இடி குறையும். முழங்கையை விரித்துக்கொண்டு குதிக்கிறவனைப் பயிற்சியிலேயே வெளியே உட்காரவையுங்கள். 2006 முதல், வேண்டுமென்றே தலையில் முழங்கையால் இடித்தால் சிவப்பு அட்டை காட்டச் சொல்லப்பட்டது. அதன்பின் தலைக்காயங்கள் குறைந்ததை ஜெர்மன் லீகில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

தலைக்கவசத்தை நம்பலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். கோல்கீப்பர் பீட்டர் செக் 2006 அக்டோபரில் மண்டையோடு உடைந்து, அடுத்த ஜனவரியில் திரும்பி வந்தபின் ஓய்வு பெறும்வரை மெத்தைக் கவசத்தோடுதான் ஆடினார். வெட்டுக்காயத்திலிருந்தும் எலும்பு முறிவிலிருந்தும் அது ஓரளவு காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை எந்தக் கவசமும் நிறுத்தாது. கெட்டியான ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களே இதற்குச் சாட்சி.

அடிபட்டதும் முதல் ஐந்து நிமிடம்

இதை டீமில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

விழுந்தவன் அசையாமல் கிடந்தாலோ, கழுத்து வலிக்கிறது என்றாலோ, கை கால் மரத்துப்போகிறது என்றாலோ தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுப்பது, மயங்கிக் கிடக்கிறவன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது இரண்டும் உயிருக்கு ஆபத்து.

அவனே எழுந்துவிட்டாலும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூளை அதிர்ச்சியில் பெரும்பாலும் மயக்கமே வராது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கண் மங்கல், வெளிச்சம் கூசுதல், தள்ளாட்டம், வெறித்த பார்வை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது, காரணமில்லாத அழுகை அல்லது கோபம் — இதில் ஒன்று இருந்தாலும் வெளியே வரவேண்டும். பிறகு கேளுங்கள்: இது எந்த கிரவுண்டு? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசி கோல் யார் போட்டது? போன மேட்ச் யாரோடு? ஜெயித்தோமா? ஒன்றுக்குத் தடுமாறினாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும், மேலே சொன்ன அறிகுறி இருந்தால் கிடையாது. சின்னப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளை மட்டும் நம்பாமல், முகத்தையும் நடையையும் கவனியுங்கள்.

2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் தலையில் இடிபட்ட பின்னும் சுமார் கால்மணி நேரம் ஆடினார். இது இறுதிப் போட்டியா என்று நடுவரிடமே கேட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில், டாக்டர்கள் பக்கத்தில் இருந்தும் இது நடந்தது. நம் பையன் "எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, ஆடுறேன்" என்பான். அந்த நேரத்தில் தன் நிலையைச் சொல்லத் தெரியாதது அவனுடைய மூளைதான், ஆகவே முடிவை அவனிடம் விடாதீர்கள். "நீ எனக்கு அடுத்த மாசமும் வேணும்டா, உக்காரு" என்று சொல்லுங்கள். டீம் முன்னால் சொல்லுங்கள், மற்றவர்களும் கேட்கட்டும்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமை, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமிழப்பு: இவற்றில் எதைக் கண்டாலும் நேரே மருத்துவமனை. இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். சி.டி. ஸ்கேனும் நரம்பு அறுவை மருத்துவரும் இருக்கும் இடமாக 108 ஊழியர்களைக் கேட்டுப் போங்கள். இந்தப் பக்கத்தில் போரூரிலும் தண்டலத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கிறது.

வீட்டில், பிறகு மறுபடி மைதானத்தில்

"ஸ்கேன் நார்மல்" என்றதும் அடுத்த நாளே பூட்ஸை மாட்டிவிடுகிறார்கள். ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்ச்சி அதில் தெரியாது.

முதல் இரவு யாராவது கூடவே இருக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டலாம். முதல் ஓரிரு நாள் செல்போனைக் குறைத்து, வீட்டுக்குள் மெல்ல நடமாடினால் போதும். இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைக்கும் முறையை மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் வகுத்த படிகள் ஆறு: அன்றாட வேலைகள்; நடை, சைக்கிள் போன்ற லேசான பயிற்சி; தனியாக ஓட்டமும் பந்துப் பயிற்சியும்; மோதலில்லாத டீம் பயிற்சி; டாக்டர் அனுமதித்த பின் முழுப் பயிற்சி; கடைசியில் மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் நிறுத்தி, மறுநாள் மறுபடி முயல வேண்டும். நான்காம் படிக்குப் போகுமுன் அறிகுறி முழுதும் நீங்கியிருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு பழையபடி ஆன பிறகுதான் மோதல். டீமுக்கென்று டாக்டர் இல்லாத சாதாரண அணிகளுக்கு, அடிபட்டு 21 நாள் ஆகுமுன் போட்டியில் இறங்கக் கூடாது என்கிறது பிரிட்டனின் 2023 வழிகாட்டி. பூந்தமல்லிப் பக்கத்து டீம்களுக்கு இந்த 21 நாள் கணக்குத்தான் பொருந்தும் என்பது என் முடிவு. முதல் அதிர்ச்சி ஆறாத மூளையில் இரண்டாவது இடி விழுந்தால், அரிதாக என்றாலும், மூளை வீங்கி உயிர் போகலாம்.

டோர்னமென்ட் நடத்துபவர்களுக்கு

தலையில் அடிபட்டவருக்கு மாற்றாக ஒருவரைக் கூடுதலாக இறக்க 2024 ஜூலை முதல் கால்பந்து விதியே இடம் தருகிறது, போட்டி நடத்துபவர் ஏற்றுக்கொண்டால் போதும். உங்கள் செவன்ஸ் நோட்டீஸிலும் அதை ஒரு வரியாகச் சேருங்கள். ஆள் குறையுமே என்ற பயம் போனால் கேப்டனே கையைக் காட்டி வெளியே அனுப்புவார். தலைக்காயத்துக்கு மட்டும் தயாராக இருந்தால் போதாது. 2004 டிசம்பரில் பெங்களூருவில் ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டியில், டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் எதிரணி கோல்கீப்பரோடு மோதி அங்கேயே சரிந்து இறந்தார். பெரிய ஸ்டேடியத்திலேயே அப்படி நடக்கும் என்றால், நம் பொட்டலில் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கத் தெரிந்த இரண்டு பேராவது நிற்க வேண்டும்.

முதலுதவிப் பையில் ஐஸ், பேண்டேஜ் இவற்றோடு ஓர் அட்டையும் இருக்கட்டும். அதில் 108க்குச் சொல்ல வேண்டிய முகவரியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: சென்னீர்குப்பம், பூந்தமல்லி–ஆவடி சாலை, எந்தக் கோயிலை அல்லது பள்ளியை ஒட்டிய தெரு, ஆம்புலன்ஸ் உள்ளே வரும் கேட் எது, கேட்டின் சாவி யாரிடம். அதன் கீழே ஒவ்வொரு பையனின் பெயர், ரத்த வகை, வீட்டில் எடுக்கும் போன் எண். ஆட்டம் தொடங்கும் முன் அந்த கேட்டுக்குக் குறுக்கே நிற்கும் பைக்குகளை நகர்த்தச் சொல்லிவிட்டு விசில் ஊதுங்கள்.