கோப்பையைத் தூக்கும் உரிமை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி கெர்ரி அணியின் டேவிட் கிளிஃபர்டைப் பற்றித்தான் இருந்தது. 2025 அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பதிவில் பார்த்துவிட்டு, இடைவேளைச் சங்கு ஊதியபோது அவர் தூரத்திலிருந்து உதைத்த பந்தையே இரண்டு பத்திகளுக்கு எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு கேள்வி: "இவ்வளவும் செய்தவர் கீழே நிற்க, வேறொருவர் மேலே போய்க் கோப்பையை வாங்குகிறாரே, அவர் யார்? மூத்தவரா, செல்வாக்குள்ளவரா?"

இரண்டும் இல்லை. அவர் பெயர் கேவின் வைட். கில்லார்னி ஊரின் டாக்டர் குரோக்ஸ் கிளப்பைச் சேர்ந்தவர். முந்தைய ஆண்டு கெர்ரி கவுண்டிக்குள் நடந்த கிளப் போட்டியில் அந்த கிளப் பட்டம் வென்றது. கெர்ரியில் பட்டம் வென்ற கிளப்புக்கே அடுத்த ஆண்டு கவுண்டி அணியின் கேப்டனைச் சொல்லும் உரிமை. பயிற்சியாளரைக் கேட்பதில்லை, ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போடுவதும் இல்லை. வென்ற ஊர் சொல்கிற ஆள்தான் கேப்டன். இந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கெர்ரி அணியின் நூறாண்டுக் கதை தானாக அவிழும் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அன்று பலகையில் கெர்ரி 1-26, டோனிகால் 0-19 என்று இருந்தது உங்களைக் குழப்பியிருக்கிறது. கோடுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது புள்ளி. வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி மதிப்பு. குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரண்டு தூண்களுக்கு நடுவே போனால் ஒரு புள்ளி. 2025 முதல், 40 மீட்டர் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து உதைத்துச் செலுத்தினால் இரண்டு. ஆக அன்று 29-க்கு 19, பத்துப் புள்ளி வித்தியாசம். அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையிலும் எடுக்கலாம். ஆனால் நான்கு எட்டுக்குள் தரையில் தட்டவோ காலால் தட்டிக் கைக்குக் கொண்டுவரவோ வேண்டும். விதிகள் இவ்வளவு போதும், மற்றவை பார்க்கப் பார்க்கப் பழகும்.

பழகாதது ஒன்று உண்டு. எண்பதாயிரத்துக்கு மேல் கூட்டம் கொள்ளும் க்ரோக் பார்க்கில் ஆடும் இவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. பயணச் செலவும் அரசின் சிறு உதவித்தொகையும்தான். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ போக வேண்டியவர்கள். ஆட்களை விலைக்கு வாங்குவதும் இல்லை. எந்த ஊர் கிளப்பில் சிறுவயதில் ஆடத் தொடங்கினார்களோ அந்த ஊருக்கும், அந்த ஊர் இருக்கிற கவுண்டிக்கும்தான் ஆட்டம். 1884-இல் தர்லஸ் ஊரின் ஒரு ஹோட்டலில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஊதியம் இல்லாத ஆட்டமாகவே இது நடந்துவருகிறது. இப்படியிருந்தும் கெர்ரி 39 முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றிருக்கிறது. அடுத்து நிற்கும் டப்ளினுக்கு 31. தென்மேற்கு மூலையில் மலையும் கடலுமாக, பெரிய நகரம் ஒன்றுகூட இல்லாத பகுதி அது.

முதல் பட்டம் 1903-க்கானது. கில்டேருடன் மூன்று முறை மோத வேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்தபோது ஆண்டு 1905. அடுத்த பட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆஸ்டின் ஸ்டாக். பின்னாளில் விடுதலைப் போராட்டத்தில் முக்கியமானவராகி, புரட்சி அரசில் அமைச்சராகவும் இருந்தார். 1913, 1914 இரண்டிலும் தலைமை தாங்கிய டிக் ஃபிட்ஸ்ஜெரால்ட், இந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று முதல் புத்தகமே எழுதியவர். 1916 எழுச்சிக்குப் பிறகு வேல்ஸின் ஃப்ரான்காக் முகாமில் அடைக்கப்பட்டார். கில்லார்னியில் 1936-இல் திறந்த மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த மைதானத்தைச் சமன் செய்ததில் பக்கத்து மனநல மருத்துவமனை நோயாளிகளின் உழைப்பு இருந்தது. உழைப்பும் ஒரு சிகிச்சை என்று நம்பிய டாக்டர் ஏமன் ஓ'சலிவன் அந்த மருத்துவமனையில்தான் வேலை பார்த்தார். கெர்ரி அணிக்குப் பயிற்சி தந்து எட்டுப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கேப்டன் கதைக்கு வருகிறேன். 1922-23 உள்நாட்டுப் போர் அயர்லாந்தில் வேறெந்த இடத்தையும்விடக் கெர்ரியில்தான் கொடூரமாக நடந்தது. பிரிட்டனுடன் செய்த ஒப்பந்தத்தை ஏற்றவர்கள் ஒரு பக்கம், ஏற்காதவர்கள் மறுபக்கம். 1923 மார்ச்சில் ட்ராலி ஊருக்குப் பக்கத்தில் பாலிசீடி என்ற இடத்தில் அரசுப் படையினர் ஒன்பது கைதிகளைக் கண்ணிவெடியோடு சேர்த்துக் கட்டி வெடித்தார்கள். எட்டுப் பேர் செத்தார்கள். ஒருவர் தூக்கி எறியப்பட்டுத் தப்பினார். இது நடந்து ஓராண்டு கழிந்த நிலையில், இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பச்சை-பொன் சட்டையில் இறங்கினார்கள். சும்மா இறங்கிவிடவில்லை, கைதிகளை விடுவிக்கும்வரை இறுதி ஆட்டம் ஆடமாட்டோம் என்று கெர்ரி முதலில் முரண்டு பிடித்தது.

அந்த அணியில் மாய்வேன் ஊர்க்காரர் கான் பிராஸ்னன் அரசுப் படையில் கேப்டன். ட்ராலியின் ஜான் ஜோ ஷீஹி, அதே படை தேடிக்கொண்டிருந்த எதிர்த்தரப்புத் தளபதி. ஆட்ட நாளில் ஷீஹியைப் பிடிக்கமாட்டார்கள் என்று பிராஸ்னன் உறுதி வாங்கித் தந்தார். ஷீஹி கூட்டத்திலிருந்து வருவார், ஆடுவார், முடிந்ததும் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவார் என்று கெர்ரியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். 1924-க்கான பட்டம் கெர்ரிக்கு வந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது 1931. முந்தைய ஆண்டு கவுண்டிப் பட்டம் வென்றது ட்ராலியின் ஆஸ்டின் ஸ்டாக்ஸ் கிளப். பெயரைப் பாருங்கள், ஒப்பந்தத்தை எதிர்த்தவரின் பெயர். கேப்டன் பதவி அந்த கிளப்பின் ஜோ பாரெட்டுக்கு உரியது. அவர் உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டிருந்தவர். 1929-இல், அகில அயர்லாந்துப் பட்டத்துக்கான சாம் மக்வயர் கோப்பையைக் கெர்ரிக்கு முதல்முறை வாங்கித் தந்த கேப்டனும் அவர்தான். அந்த உரிமையை அவர் தூக்கிக் கான் பிராஸ்னனிடம் கொடுத்தார். தன்னைச் சிறையில் போட்ட படையின் அதிகாரிக்கு! ட்ராலியில் பலருக்கு ஆறாத கோபம். கெர்ரி அந்த ஆண்டும் வென்றது, 1932-இல் நான்காவது முறை தொடர்ந்து வென்றபோது கேப்டன் மீண்டும் பாரெட். எந்த அரசியல் உடன்பாட்டையும்விட அந்த ஒரு விட்டுக்கொடுப்பு பெரியது என்பேன். கேப்டனைப் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கும் ஊரில் இது நடந்திருக்க முடியாது. கொடுக்க வேண்டுமானால் முதலில் அது தன்னுடையதாக இருக்க வேண்டுமே.

அதே ஷீஹி குடும்பத்தில் இதன் மறுபக்கமும் நடந்தது. 1953 இறுதிக்கு முன்னால் கேப்டன், ஜான் ஜோவின் மகன் பாடி ஷீஹி. ஆட்டம் சரியில்லை என்று அவரை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தேர்வாளர்களில் ஒருவர் அவருடைய அப்பா. கேப்டன் பதவியை ஊர் கொடுக்கும். பதினைந்தில் ஓர் இடத்தை ஊர் கொடுக்காது. 2014-இல் டாக்டர் குரோக்ஸ் சொன்ன கீரன் ஓ'லியரிக்குத் தொடக்கப் பதினைந்தில் இடமில்லை. களத்தில் தலைமை தாங்கியவர் அதே கிளப்பின் ஃபியன் ஃபிட்ஸ்ஜெரால்ட். இருவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள்.

1975-க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளைப் பற்றிக் கெர்ரிக்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள், வீட்டுக்குத் திரும்ப விடமாட்டார்கள். வாட்டர்வில்லின் மிக் ஓ'டுவையர் பயிற்சியாளராக எட்டுப் பட்டம் வாங்கினார். 2025 ஏப்ரலில் 88 வயதில் காலமானார். பாட் ஸ்பில்லேன், பாடி ஓ ஷே, மைக்கி ஷீஹி, ஜெர் பவர், ஓகி மோரன் ஐவருக்கும் எட்டெட்டுப் பதக்கங்கள். 1975 இறுதியில் கேப்டன் மிக்கி நெட் ஓ'சலிவன் அடிபட்டு நினைவிழந்து மருத்துவமனைக்குப் போக, கோப்பையை வாங்கியது பத்தொன்பது வயது ஸ்பில்லேன். 1978 முதல் 1981 வரை நான்கு பட்டம். நான்கு கேப்டன்கள்: மோரன், டிம் கென்னலி, பவர், ஜிம்மி டீனிஹன். அணி கிட்டத்தட்ட அதேதான், தலைமை மட்டும் ஆண்டுக்கு ஓர் ஆள்.

ஐந்தாவதை அதுவரை யாரும் தொடர்ந்து வென்றதில்லை. 1982 இறுதியில் ஆஃபலிக்கு எதிராகக் கெர்ரி முன்னிலையில் இருந்தது, மீதம் இரண்டு நிமிடம் போல. மாற்று ஆளாக வந்த ஷேமஸ் டார்பி ஒரு கோல் அடித்தார்: 1-15, 0-17. ஒரே ஒரு புள்ளி. வெல்ல வேண்டிய கேப்டன் ஸ்னீம் ஊரின் ஜான் ஈகன். அடுத்த ஆண்டு கேப்டன், நான்கு முறை ஆண்டின் சிறந்த வீரரான ஜாக் ஓஷே. மன்ஸ்டர் மாகாண இறுதியில் கடைசி நிமிடக் கோலால் கார்க் அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஏழு பதக்கம் வாங்கிய மனிதர், கேப்டனாக ஒன்றும் வாங்கவில்லை. டிம் கென்னலியின் மகன் டாய்க் ஆஸ்திரேலியா போய் 2005-இல் சிட்னி அணியோடு அங்கத்திய கால்பந்துப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு அப்பா இறந்துபோனார். மகன் ஊர் திரும்பி 2009-இல் கெர்ரிக்காக ஆடி, அப்பா வாங்கிய பதக்கத்தைத் தானும் வாங்கினார்.

இனி, நீங்கள் பார்த்த அணி. பெயர்களைத் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் கிளப் பெயரையும் சேர்த்துப் படியுங்கள், கெர்ரியின் வரைபடம் கிடைக்கும். கோல்காப்பாளர் ஷேன் ரயன், ராத்மோர். தன் கிளப்புக்கு ஆடும்போது இவர் முன்வரிசையில் நின்று புள்ளி எடுக்கிறவர். கவுண்டிக்கு மட்டும்தான் காவல். பின்வரிசையில் ஜேசன் ஃபோலி, பாலிடோனஹு. பிரையன் ஓ பெக்லீக், ஐரிஷ் மொழி பேசும் மேற்கு முனையின் அன் கேல்டாக்ட் கிளப். பாடி ஓ ஷேயின் அண்ணன் மகன்கள் ஆடிய கிளப் அது. நடுக்களத்தில் ஜோ ஓ'கானர், ஆஸ்டின் ஸ்டாக்ஸ். இறுதி ஆட்டத்தின் ஒரே கெர்ரி கோல் அவருடையது. ஷான் ஓஷே, கென்மேர். காற்று எப்படி அடித்தாலும் நின்ற பந்தை உதைப்பதில் இவரை நம்பலாம். டிங்கிளிலிருந்து கீனி சகோதரர்கள் கானர், டிலன். ஃபோஸா என்ற சிற்றூரிலிருந்து பாடி கிளிஃபர்ட், அவர் தம்பி டேவிட்.

2022-இல் கால்வேயை 0-20, 0-16 என்று வென்றபோது கேப்டன் ஜோ ஓ'கானர். காயத்தால் ஆடவில்லை, ஷான் ஓஷேயும் அவருமாகக் கோப்பையைத் தூக்கினார்கள். அன்றும் டேவிட் கீழேதான் நின்றார்.

அவர் கேப்டனாக இருந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். இருமுறை இருந்திருக்கிறார். ஃபோஸா போன்ற சின்ன கிளப்புகள் சேர்ந்து கிழக்கு கெர்ரி என்ற கூட்டணியாகக் கவுண்டிப் போட்டியில் ஆடும். அந்தக் கூட்டணி வென்றதால் 2020-இலும் 2023-இலும் உரிமை அவருக்கு வந்தது. 2020-இல் கார்க்குக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் மார்க் கீன் கோல் அடிக்க, தோற்றால் வெளியே என்றிருந்த அந்தக் கொரோனா ஆண்டு நவம்பரிலேயே கெர்ரிக்கு முடிந்தது. ஜாக் ஓஷேக்கு நடந்ததேதான், அதே கார்க். 2023 இறுதியில் டப்ளினிடம் இரண்டு புள்ளியில் தோல்வி. 2024-இல் உரிமை அண்ணன் பாடிக்குப் போனது. அரையிறுதியில் அர்மா கூடுதல் நேரத்தில் வென்றது. கேவின் வைட்டும் இதற்கு விலக்கில்லை: 2019-இல் கேப்டனாக இருந்தபோது, கெர்ரிக்கு 1982-இல் கைநழுவிய ஐந்தாவது தொடர் பட்டத்தை மறு ஆட்டத்தில் டப்ளின் அவர் கண்ணெதிரே கெர்ரியிடமிருந்தே பறித்தது. அவர் கிளப் மறுபடி வென்றது, ஆறு ஆண்டு கழித்து அவர் மேலே ஏறினார்.

2025-ம் நேராக வந்துவிடவில்லை. பிரிவு ஆட்டத்தில் மீத் கெர்ரியை ஒன்பது புள்ளியில் கவிழ்த்தது. இந்த அணி தீர்ந்தது என்று எழுதியவர்கள் நிறைய. காலிறுதியில் நடப்புச் சாம்பியன் அர்மா. இடைவேளைக்குப் பின் கெர்ரி ஒருபக்கமாகவே பதினான்கு புள்ளி எடுத்தது, எதிரணியைத் தன் பாதியிலிருந்தே வெளியே வரவிடாமல். பயிற்சியாளர் ஜாக் ஓ'கானருக்கு 2004, 2006, 2009, 2022-க்குப் பிறகு இது ஐந்தாவது பட்டம். மூன்றாவது முறையாக ஆண்டின் சிறந்த வீரர் விருது டேவிட் கிளிஃபர்டுக்கு.

இந்த வழக்கத்தை மாற்றிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடலாம் என்கிறவர்கள் கெர்ரியிலேயே உண்டு. அணியில் இடம் உறுதியில்லாதவர் கேப்டன் ஆவதால் வரும் சங்கடம் நிஜம்தான். ஆனாலும் நான் பழைய பக்கம். அக்டோபர் மழையில், சேற்றில், சில ஆயிரம் பேர் முன்னால் நடக்கும் ஒரு கிளப் ஆட்டத்துக்கு, அடுத்த ஜூலையில் க்ரோக் பார்க்கின் படியேறும் ஆளைத் தீர்மானிக்கும் சக்தி இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசியாக, உங்கள் மகனுக்குக் கிளிஃபர்ட் பெயர் போட்ட கெர்ரி சட்டை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். களத்தில் அவர் போடும் சட்டையிலேயே பெயர் கிடையாது. எண் இருக்கும், அதுவும் நிற்கும் இடத்துக்கான எண், ஆளுக்கான எண் இல்லை. பச்சை உடல், நடுவில் பொன்பட்டை, கெர்ரி என்று கேட்டு வாங்குங்கள். பையன் கொஞ்சம் முகம் சுளிப்பான், பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்